மேலே ஒரு வரிசை

எங்கள் கூடம் ஒழுக ஆரம்பித்தபோது எனக்கு மூன்றாம் மாதம். சித்திரையில் ஏது மழை என்று கேட்கலாம். ஒரே ஒரு கோடைமழை, ஒரு மணி நேரம். அதற்கே மறுநாள் வரை ஊஞ்சல் பலகையின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீடு என் மாமனார் வைத்துவிட்டுப் போனது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, சுண்ணாம்புக் காரை கொட்டி, தட்டோடு பதித்த பழைய மொட்டைமாடி. என் கணவர் கஸ்தூரிரங்கன் கணக்கு வாத்தியார். எதையும் தள்ளிப்போடத் தெரியாத மனிதர். மூன்றாம் நாளே பீர் முஹம்மது மேஸ்திரியை அழைத்து வந்துவிட்டார்.

மேஸ்திரி சொட்டுகிற இடத்தை ஒரு தடவைதான் பார்த்தார். ஏணியைச் சுவரோரமாகச் சாய்த்து ஏறி, கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் உடைந்த குடைக் கம்பி ஒன்றைக் குத்தினார். கம்பி ஒரு சாண் உள்ளே போயிற்று. இழுத்தபோது நுனியில் ஈர மண்போல மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சொட்றது அங்க, நோவு இங்க கீது சார்," என்றார். "நடுவுல கட்டை இரும்பாட்டம் கீது. சொவத்துக்குள்ள சொருவிகினு கீற தலைங்கதான் அஞ்சும் உளுத்துப்பூட்சி. பாத்தா தெரியாது. மேல கீறதெல்லாம் எறக்கிட்டு கட்டைய மாத்தணும். ஐப்பசி மழைக்குள்ள முடிச்சாவணும்."

"இடிக்கப்படாது," என்றேன் நான்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் சுவரையோ கூரையையோ இடிக்கக்கூடாது, ஆணிகூட அடிக்கக்கூடாது என்பார்கள். முதல் தடவை நான் உண்டாகியிருந்தபோது அதைக் கேட்டுச் சிரித்தவள் நான். சமையலறைப் புகை போக அப்போது கூரையில் துளை போட்டோம். எண்ணி ஏழாம் நாள் கலைந்துவிட்டது. இரண்டாவதும் கலைந்தது. அந்தத் தடவை வீட்டில் யாரும் எதையும் இடிக்கவில்லை. அதை மட்டும் நான் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

"நீரஜா, நீ பி.ஏ. படிச்சவ," என்றார் என் கணவர்.

"பி.ஏ.வா எனக்குப் பெத்துக் குடுக்கப்போறது?"

இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர் அவர். என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகம், அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன்.

"அப்டின்னா முட்டாவது குடுக்கறேம்மா," என்றார் மேஸ்திரி. "கட்டைக்குக் கீழ எட்டு சவுக்குக் கொம்பு நட்டுட்டா தாங்கிக்கும்."

"ஆவணியில சீமந்தம். இந்தக் கூடத்துலதான் பண்ணணும். நடுவுல சவுக்குத் தோப்பு வெச்சுண்டு யாரைக் கூப்பிடறது?"

அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. நல்ல புத்தி! "மேலே இன்னொரு வரிசை தட்டோடு போட்டுடுங்கோளேன். வெக்கறதுதானே, இடிக்கலையே!"

"ஏற்கெனவே ரெண்டு வரிசை கீதும்மா. மின்ன ஒழுவுனப்ப பழச எடுக்காம அது மேலயே போட்டுகீறாங்க. இப்ப மூணாவதும் ஏத்துனா, கால் ஒடைஞ்சவன் தலைல மூட்டைய வெக்கற கதைதான். அதை என் கையால செய்யமாட்டேன்."

ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்று என் கணவரிடம் மட்டும் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "அந்த ஊஞ்சலாண்ட படுக்காதீங்க சார்."

வேறொரு ஆளைப் பிடித்தோம். மூன்றே நாளில் மேலே ஒரு வரிசை பளபளவென்று போட்டுக் கொடுத்தான். ஆடியில் ஒரு மழை, ஆவணியில் இரண்டு. ஒரு சொட்டு விழவில்லை. "பாத்தேளா?" என்று அவரிடம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனேன். சீமந்தத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். ஒழுகல் நின்றதும் நாங்கள் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நடுக்கூடத்தில் சொட்டவேண்டிய தண்ணீர் சுவர்வழியாகக் கட்டைத் தலைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சீமந்தம் முடிந்து திருவல்லிக்கேணியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். மூன்று வரிசை ஓடும் காரையும் செங்கல்லும் மொத்தமாக வந்து விழுந்தன. தெருவே கூடி அள்ளி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்றாம்.

எனக்கு அவரைக் காட்டவில்லை. கர்ப்பிணி பார்க்கக்கூடாதாம்.

பத்தாம் நாள் பெண் பிறந்தது. என் நாத்தனார் விஜயலக்ஷ்மி தி. நகரிலிருந்து வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தாள். கூடப் பிறந்த ஒரே தம்பியைப் பறிகொடுத்தவள். "வயத்துல இருந்துண்டே அப்பனை முழுங்கிட்டு வந்திருக்கு," என்றாள். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் 'உச்' கொட்டினார்கள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். இறக்காதே என்றது நான், முட்டுக் கொடுக்காதே என்றது நான், மேலே போடு என்றது நான். ஒரு வார்த்தை போதும். ஆனால் குழந்தையைத் திட்டுகிற வரைக்கும் ஜனங்கள் என்னைப் பார்த்து அழுதார்கள். அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். நான் பழியைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன்.

மேஸ்திரியும் துக்கம் கேட்க வந்தார். வாசற்படி ஏறாமல் நின்றார். "ஏன்யா, கூரை உளுத்திருக்குன்னு உமக்குத் தெரியவே தெரியாதா?" என்று என் அப்பா அவர்மேல் பாய்ந்தார். பீர் முஹம்மது என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலீங்க," என்றார். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அதற்குப்பின் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஓர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு அடையாற்றில் நாலு குடித்தனத்தில் ஒன்றாக இருக்கிறேன். மகளுக்கு ரங்கநாயகி என்று பெயர். போன வாரம் நாத்தனார் பெண்ணுக்குச் சீமந்தம். எனக்குப் பின்கட்டு பழகிப்போன இடம். அங்கே உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் விஜயலக்ஷ்மியின் குரல் கேட்டது. "பிள்ளைத்தாச்சி கண்ணுல படாதேடி. கொல்லைப்பக்கம் போய் உக்காந்துக்கோ."

ரங்கநாயகி ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போனாள். நான் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும்.

இன்று மத்தியானம் மழை. அடையாற்று வீடும் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் திருநெல்வேலிக்காரர். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்குப் போயா பயப்படுதிய? மழை விடட்டும், மேல ஒரு வரிசை ஓடு போட்டுருவோம். சோலி முடிஞ்சிது."

"போடாதீங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "கட்டைத் தலையைக் குத்திப் பாருங்கோ. பழசை எறக்குங்கோ. மேல மட்டும் போடாதீங்கோ!"

"இதுக்கு எதுக்கும்மா இப்படிச் சத்தம் போடுதிய? ஆளைக் கூட்டியாந்து பாக்கச் சொல்லுதேன்," என்று முகம் சுண்டிப்போய் வெளியே நகர்ந்தார்.

நான் சொட்டுகிற இடத்தில் பித்தளைக் குண்டானை வைத்துவிட்டு, மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ரங்கநாயகி பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"இங்க வேண்டாம்மா. நீ அந்த ரூமுக்குப் போயிடு."

"ஏண்டி?"

"நான் இருக்கற எடத்துல கூரை விழும். அத்தை சொல்லியிருக்கா." சிலேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீயும் செத்துப்போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஏழு வயசு. மழை வரும்போதெல்லாம் இவள் ஏன் மூலையில் போய்த் தனியாக உட்காருகிறாள் என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

தடுத்த கையை விலக்கிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சொன்னேன். மேஸ்திரி வந்தது, குடைக் கம்பி, சவுக்குக் கொம்பு, மூன்றாவது வரிசை ஓடு, எல்லாம்.

"அப்பா எறக்கிடலாம்னுதான் சொன்னார். நான்தான் கூடாதுன்னேன். மேல போடச் சொன்னதும் நான்தான். அந்தக் கனம் தாங்காமத்தான் விழுந்தது."

அவள் சிலேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்போ நான் இல்லையா?"

"நீ இல்லைடி."

"நெஜமா?"

"பெருமாள் சத்தியமா. நான்தான்."

அவள் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு முகத்தை அவள் பிறந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. சிலேட்டு ஒரு பக்கம், பலப்பம் ஒரு பக்கம் உருள எழுந்து மழையில் ஓடினாள். மற்றக் குடித்தனங்களிலும் ஒழுகலைப் பார்த்துவிட்டு முற்றத்தில் சுயம்புலிங்கம் குடையை விரித்துக்கொண்டிருந்தார். எதிர்க் குடித்தனத்துச் சரோஜாதேவி தாழ்வாரக் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டிருந்தாள்.

"மாமி! மாமி!" என்று குதித்தாள் என் மகள். "எங்கப்பாவை நான் கொல்லலையாம்! எங்கம்மாதானாம்!"

தடுக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். நாலு குடித்தனத்தின் வாசலிலும் அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.