சொல்லிவிட்டு இறக்கு

மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் மழைத்துளிகள். வரிசையாக. கயிறு நடுவில் தொய்ந்திருந்தது. ஆனாலும் ஒரு துளிகூட விழவில்லை.

குணாளன் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கிட்டார்.

பக்கத்தில் ரெஜினால்ட். அறுபத்தேழு வயது. ஒரு காலத்தில் பெரம்பூரையே ராக் பாட்டால் அதிரவைத்த குரல். தொண்டையில் ஆபரேஷன் நடந்தபின் பதினெட்டு வருடம் பாடாத குரல். இந்த வருடம்தான் மறுபடி மேடை ஏறியது. நாலு ஊர், நாலு கச்சேரி.

நாலின் பதிவும் இப்போது லேப்டாப்பில்.

"கேட்டுப் பாக்கறேன். குரல் இருந்தா அடுத்த வருசமும் போலாம். இல்லன்னா இதோட மூட்டை கட்டிடலாம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டான் ரெஜி.

குரல் இருந்தது. குணாளனின் பயம் வேறு.

ஒரு பாட்டு. கிட்டாரும் குரலும் மட்டும் வரும் பாட்டு. உச்சியில் ஒரு நீண்ட இழுப்பு. அங்கே ரெஜி திணறிவிடுவானோ என்று, ஊருக்கு ஊர் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கி வாசித்தான் குணாளன். ரெஜியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். அதுவும் நாற்பது வருட நண்பனிடம்.

ரெஜி ரோஷக்காரன். தெரிந்தால் இனி மைக்கைத் தொடமாட்டான்.

கோயம்புத்தூர் ஓடியது. குரல் உச்சிக்குப் போனது, நின்றது. கைதட்டல். ரெஜி கண்ணை மூடியிருந்தான்.

திருச்சி ஓடியது. தகரக் கூரையில் மழை. மழைக்கு மேலே குரல். கைதட்டல்.

மதுரை. அங்கேயும் கைதட்டல். ரெஜி கண்ணைத் திறக்கவே இல்லை.

பிறகு புதுச்சேரி. அன்றைக்கு அந்தப் பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு தந்தி அறுந்தது. குணாளன் அவசரத்தில் இன்னொரு கிட்டாரை எடுத்தான். அதில் சுருதியை இறக்க மறந்துபோனான். பழைய சுருதி. முப்பது வயது ரெஜியின் சுருதி.

குரல் ஏறியது. ஏறியது. உச்சியில் உடைந்தது.

ஒரு நொடி, ஒன்றுமில்லை. பிறகு ரெஜியின் சிரிப்பு. கடகடவென்று, மைக்கிலேயே. கூட்டமும் சேர்ந்து சிரித்தது. கீழிருந்து மறுபடி பிடித்து, பாட்டை முடித்துவிட்டான்.

பதிவு நின்றது. தொலைந்தோம் என்று நினைத்தான் குணாளன்.

ரெஜி கண் திறந்தான்.

"கோயம்புத்தூர்ல சுருதிய அரைக்கட்டை இறக்கினே. திருச்சியில ஒரு கட்டை. மதுரையில ஒன்றரை. சரியா?"

குணாளன் தலையாட்டினான்.

"முதல் நாளே தெரியும்டா. நாப்பது வருசமா உன் கிட்டாரத்தானே கேக்கறேன்? சொன்னா சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன்."

"அப்போ புதுச்சேரியில ஏன் சிரிச்சே?"

"எனக்குத் தொண்டை போச்சு, இவனுக்கு ஞாபகம் போச்சு, ஜோடி சரிதான்னு தோணிச்சு. சிரிப்பு வந்துடிச்சு."

குணாளனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எத்தனை பெரிய பாரம், எவ்வளவு வீணாகச் சுமந்திருக்கிறான்.

"அடுத்த வருசம்?"

"போலாம். ஆனா சொல்லிட்டு இறக்கு."

குணாளன் கிட்டாரை நிமிர்த்தினான். ரெஜியின் முகத்தைப் பார்த்தபடியே முதல் தந்தியைத் தளர்த்தினான்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றான் ரெஜி.

வெளியே வெயில் வந்திருந்தது. கொடிக்கயிறு தொய்ந்தே கிடந்தது. துளிகள் அத்தனையும் அதில்தான் மினுங்கிக்கொண்டிருந்தன.