ராஜாவை வெட்டியவள்

நெனிடா டீச்சர் கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ரோவெலினின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. குதிரை கோணலாகப் போகும், யானை நேராகப் போகும் என்பதற்கு மேல் அவருக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் ஐந்து நாட்களாக அந்தக் கால்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மாவட்ட அலுவலகம் கொடுத்த ஷூ அந்தப் பெண்ணுக்கு ஒரு சுற்று பெரிது. ஆட்டம் இறுக்கமாக இருந்தால் இரண்டு பாதமும் ஷூவுக்குள் அசையாமல் இருக்கும். கை ஓங்க ஆரம்பித்ததும் குதிகால் மெல்ல வெளியே வரும். இப்போது வலது குதிகால் வெளியே வந்துவிட்டது. டீச்சர் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு இடது காலுக்காகக் காத்திருந்தார்.

அவர் பள்ளியில் வீட்டு அறிவியல் எடுப்பவர். பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பொத்தான் தைக்கவும் மீனை ஊறவைக்கவும் சொல்லிக்கொடுக்கிறவர். போன ஆகஸ்டில் ஆசிரியர் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனார். அதற்குள் கூடைப்பந்து, கைப்பந்து, நீச்சல் எல்லாவற்றுக்கும் ஆள் எழுதியாகிவிட்டது. மிச்சம் கிடந்தது சதுரங்கம். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, வெயிலில் நிற்க வேண்டாம், வேர்க்காது, உங்களுக்கென்றே எடுத்து வைத்தது என்றார். இந்த நாட்டில் பாதிப் பயிற்சியாளர்கள் இப்படித்தான் பிறக்கிறார்கள். மறுத்துப் பேசினால் முகம் சுளிப்பார்களே என்று அவரும் தலையாட்டிவிட்டு வந்தார். வந்தபிறகுதான் தெரிந்தது, ஏழாம் வகுப்பில் ஒரு பெண் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரையும் அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறாள் என்று.

ரோவெலின் ஆடக் கற்றது சந்தைக்கு எதிரே இருக்கும் டிரைசிகிள் ஸ்டாண்டில். அவள் அப்பா ஆர்செனியோ அங்கே பக்கத்தில் கூரைப் பெட்டி இணைத்த வாடகை மோட்டார் சைக்கிள் வண்டி ஓட்டுகிறார். சவாரி வராத நேரத்தில் டிரைவர்கள் பெஞ்சில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். காணாமல் போன சிப்பாய்க்குப் பதில் சோடா மூடி. காய் நகர்த்துவதைவிட வாய் நகர்த்துவதுதான் அங்கே அதிகம். எதிராளியின் மாமியார் வரைக்கும் போய் வாரிவிட்டு வருவார்கள். இந்தப் பெண் ஏழு வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், ஒன்பது வயதில் அவர்களையெல்லாம் ஜெயிக்க ஆரம்பித்தாள். டீச்சர் ஒருமுறை போய்ப் பார்த்தபோது, தாடிவைத்த ஒரு டிரைவர் அவளிடம் தோற்றுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவர் வண்டியின் தகரக் கூரையைத் தட்டிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

டீச்சர் அன்றைக்குப் போனது ஆட்டம் பார்ப்பதற்காக இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ரோவெலின் வரமாட்டாள் என்று கேள்விப்பட்டுப் போனார். பகோலோடில் இருக்கும் அத்தைக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. தூக்கி வளர்க்க ஆள் வேண்டும். பெண்ணை அனுப்பிவைப்பதாக ஆர்செனியோ வாக்குக் கொடுத்துவிட்டார். தங்கைக்குக் கொடுத்த வாக்கு, அதில் டீச்சருக்கு என்ன வேலை என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மரியாதையான மனிதர். வண்டி சீட்டைத் துடைத்து டீச்சரை உட்காரவைத்தார். மண்டலப் போட்டியில் முதலாவதாக வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம், தேசியப் போட்டிக்குப் போகிறவர்களை நகரத்து விளையாட்டுப் பள்ளி விடுதியோடு எடுத்துக்கொள்கிறது என்று டீச்சர் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"தேசியப் போட்டிக்குப் போனாள்னா எந் தங்கச்சிகிட்ட நானே பேசிக்கிறேன், டீச்சரம்மா," என்றார். "போகலைன்னா நீங்க மறுபடி வந்து கேக்கக் கூடாது. எனக்குச் சங்கடமா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் டீச்சர் இந்த ஐந்து நாளும் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார். மண்டலப் போட்டி நடக்கும் பள்ளியின் வகுப்பறை ஒன்றில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நாற்பத்திரண்டு பிள்ளைகள் படுத்துக்கொண்டார்கள். வீட்டு அறிவியல் டீச்சர் என்பதால் சமையலும் அவர் தலையில்தான். அதிகாலையில் அரிசிக் கஞ்சி, மதியம் கருவாடும் சோறும், நடுவில் ரோவெலினின் ஆட்டம். அவள் ஏழு சுற்றில் ஆறு ஜெயித்தாள். நகரத்து அகாடமிப் பெண் கியாராவும் ஆறு. தங்களுக்குள் ஆடியதில் இருவரும் டிரா. சமநிலை என்பதால் ஐந்து நிமிஷக் கடிகாரம் வைத்து ஒரே ஒரு வேக ஆட்டம், ஜெயிக்கிறவள் தேசியப் போட்டிக்கு என்று அறிவித்தபோது டீச்சருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வேகம் என்றால் ஸ்டாண்டில் வளர்ந்தவளை யார் அசைக்க முடியும்?

இடது குதிகாலும் வெளியே வந்தது.

உள்ளே இரண்டு பெண்களின் கைகளும் பறந்தன. காயை நகர்த்தி அதே கையால் கடிகாரத்தில் ஒரு தட்டு, மறுபக்கம் ஒரு தட்டு. கியாராவின் நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ரோவெலின் ராணியை நீளமாக இழுத்துவைத்தாள். கியாரா பார்த்தாளோ பார்க்கவில்லையோ, ஓரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினாள். ரோவெலின் ஒரு கணம் நிறுத்தினாள். அவள் முகம் விரிந்ததை டீச்சர் ஜன்னல் வழியாகவே பார்த்தார். எட்டிக் கையை நீட்டி கியாராவின் ராஜாவையே பலகையிலிருந்து எடுத்தாள், அந்தக் கட்டத்தில் தன் ராணியை வைத்தாள், கடிகாரத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையில் வெட்டிய ராஜா. டீச்சருக்குக் கூட அது புரிந்தது. ராஜாவையே எடுத்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன இருக்கிறது? அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னார்.

கியாரா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள்.

நடுவர் வந்தார். கண்ணாடி போட்ட, தாழ்ந்த குரலில் பேசுகிற அம்மா. இரண்டு பேரிடமும் கேட்டார். காய்களைப் பார்த்தார். கியாராவின் பெயருக்கு நேரே ஒன்று என்றும் ரோவெலின் பெயருக்கு நேரே சுழி என்றும் எழுதினார். ரோவெலின் கையிலிருந்த ராஜாவைத் தூக்கிக் காட்டினாள், ஒருவேளை அவர் அதைப் பார்க்கவில்லையோ என்பதுபோல. நடுவர் அதை மெதுவாக வாங்கிப் பலகையில் வைத்தார்.

டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என்ன கேட்பது என்று தெரியாமலே போனார். நடுவர் அவரை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். ராஜாவை வெட்டுவது என்று ஒரு நகர்வே சதுரங்கத்தில் கிடையாது. எதிராளி தன் ராஜாவுக்கு வைத்த செக்கைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினால் அது தப்பு, கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டிருந்தால் கியாரா தோற்றிருப்பாள், ஏனென்றால் இந்தப் போட்டியின் வேக ஆட்டத்தில் முதல் தப்பு நகர்விலேயே ஆட்டம் முடிந்துவிடும். கூப்பிடாமல் ராஜாவை எடுத்துவிட்டதால் அந்தத் தப்பு கழிந்துபோய் இதுதான் தப்பாகிவிட்டது. பயிற்சியாளர்கள் கூட்டத்தில் இதை வாசித்தோமே, பதினாலாவது விதி, என்றார். தாளை எடுத்துக் காட்டினார். கீழே நெனிடா டீச்சரின் கையெழுத்து, பிள்ளைகளின் நோட்டில் போடுகிற அதே அழகான கையெழுத்து, இருந்தது.

அந்தக் கூட்டம் அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு ஓடிப் போயிருந்தார். அவர் உடுப்பெல்லாம் விறகுப் புகை வாசம். சுற்றிலும் பெயர் தைத்த விளையாட்டு ஜாக்கெட் போட்ட பயிற்சியாளர்கள். பதினாலாவது விதி வாசிக்கும்போது அவருக்குப் புரியவில்லை. யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்கள். எல்லாரும் சும்மா இருந்தார்கள். நாம் மட்டும் வாயைத் திறந்தால் சதுரங்கம் தெரியாத பயிற்சியாளர் என்று தெரிந்துபோகுமே என்று வெட்கம். அவரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வந்து ரோவெலினிடமாவது கேட்டிருக்கலாம், இப்படி ஒரு விதி சொன்னார்களே, உனக்குத் தெரியுமா என்று. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதைப் பார்ப்பதா இதைப் பார்ப்பதா. மறந்தே போனார்.

ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நிமிஷத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று நடுவர் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். டீச்சர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து மேலே தேதி போட்டார், மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. என்னவென்று எழுதுவது? தப்பு எங்களுடையது இல்லை என்றா? பக்கத்தில் ரோவெலின் குதிகாலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நான் ஜெயிச்சுட்டேன்தானே?"

டீச்சர் தேதிக்கு அடியில் ஒரு கோடு இழுத்தார்.

"அவ ராஜா எங்கிட்ட வந்துருச்சு. ராஜா இல்லாம எப்படி அவ ஜெயிப்பா?"

கியாராவின் பயிற்சியாளர், வில்லாரின் என்பவர், அந்தப் பக்கமாக வந்தார். ஜெயித்த களிப்பு அவர் முகத்தில் இல்லை. அவர் குனிந்து, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் இல்லாமல், சமமான ஆட்டக்காரியிடம் பேசுவதுபோல் ரோவெலினிடம் சொன்னார்.

"நீதாம்மா நல்லா ஆடுன. கையத் தூக்கியிருந்தா போதும். அவ்வளவுதான், ஒரு கையத் தூக்கியிருந்தா."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். டீச்சருக்கு அது சாட்டையடியாக விழுந்தது. பத்தொன்பது வருஷமாக வகுப்பில் தினமும் சொல்கிற வார்த்தை, கேட்க வேண்டுமென்றால் கையைத் தூக்கு. ரோவெலின் வகுப்பில் கூடத் தூக்கமாட்டாள், அவளுக்குக் கூச்சம். டீச்சரும் அன்றைக்குக் கூட்டத்தில் தூக்கவில்லை. பதினைந்து நிமிஷம் முடிந்தது. நடுவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். டீச்சர் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடர்ந்த மாமரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மைதானத்தில் ஓட்டப் பந்தயத்துக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அடுத்த வருஷம் என்றார். அடுத்த வருஷம் இவள் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் புட்டி கழுவிக்கொண்டிருப்பாள் என்று அவருக்கே தெரியும், பாதியில் நிறுத்திக்கொண்டார். என் தப்பு, நான்தான் சொல்லாமல் விட்டேன் என்றார்.  ரோவெலினுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேற்றவாவது செய்திருக்கலாம். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அந்த ஆட்டத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்ப்பவள்போல, எங்கே விட்டோம் என்று தேடுபவள்போல உட்கார்ந்திருந்தாள்.

டீச்சரின் கைப்பேசி அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. ஆர்செனியோ. எடுக்காமல் விடலாமா என்று நினைப்பதற்குள் விரல் பட்டுவிட்டது. திரை முழுக்கத் தலைகள். ஸ்டாண்டில் இருந்த அத்தனை டிரைவர்களும் சவாரியை விட்டுவிட்டு ஒரே போனுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர், கொஞ்சம் தனியாக வாருங்கள், ஒரு விஷயம் பேச வேண்டும் என்று ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. மகள் எங்கே, மகளிடம் கொடுங்கள் என்று ஆர்செனியோ கத்திக்கொண்டிருந்தார். ரோவெலின் போனை வாங்கினாள்.

"ஆட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"சுத்தி வளைச்சுப் பேசாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ராஜாவ வெட்டுனியா?"

ஸ்டாண்டில் ராஜாவை வெட்டியவர்தான் ஜெயித்தவர். ரோவெலின் டீச்சரைப் பார்த்தாள்.  அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"வெட்டுனேன்."

 ஸ்டாண்டே வெடித்தது. யாரோ எதால் வெட்டினாய் என்று கேட்டார்கள், ராணியால் என்று அவள் சொன்னதும் இன்னொரு சத்தம். தாடிக்காரர் திரையை முத்தமிட்டார். ஆர்செனியோ அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"டீச்சரம்மா, நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன். பகோலோடுக்கு இப்பவே போன் பண்ணி வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன். தங்கச்சி ரெண்டு நாள் பேசமாட்டா, பரவால்ல."

"ஆர்செனியோ, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளுங்க," என்றார் டீச்சர்.

அவர் கேட்கவில்லை. வேறு யாரிடமோ போனைக் கடன் கேட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டார். இந்தப் போனை அணைக்க மறந்து எதன்மேலோ வைத்துவிட்டிருந்தார். திரையில் தகரக் கூரையின் ஒரு ஓரமும் அதற்கு அப்பால் கொஞ்சம் வானமும் மட்டும் தெரிந்தன. மனிதர்கள் யாரும் தெரியவில்லை. டிரைசிகிள்களின் ஹாரன் ஒன்று, இரண்டு, பிறகு எல்லாம் சேர்ந்து அலறின. ரோவெலின் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் டீச்சரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு அந்த வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எங்கோ தள்ளி ஆர்செனியோ, "ஹலோ, தங்கச்சியா?" என்று சொல்வது கேட்டது.