இளஞ்சிவப்புதான் என்றாள் ஹெட்விக்

ஏப்ரல் முதல் வாரம் ரூனே கதவைத் தட்டினார். எங்கள் வரிசை வீடுகளின் சங்கத் தலைவர், எதிர்வீட்டுக்காரர். ஒரு கையில் காகிதம், மறு கையில் ஒரு கால்சட்டை.

"விடார், இதப் பாரு."

வெளிர் நிறக் கால்சட்டை. பின்பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பெரிய வட்டம்.

"உன் பொண்டாட்டி காருமேல ஒரு நிமிஷம் சாஞ்சேன். ஒரே நிமிஷம். அப்புறம் கடைக்குப் போனேன். யாரும் சொல்லல. என் வீட்டுக்காரி குனில்லா மட்டும் காய்கறி பக்கம் நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தா."

"ஏன் சாஞ்சீங்க?"

"நோட்டீஸ் ஒட்டப் போனேன். ஷூ லேஸ் அவுந்துடுச்சு."

காகிதத்தைக் கொடுத்தார். வண்டி நவம்பரிலிருந்து நகரவில்லை, பெயிண்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது, துப்புரவு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் இழுத்துப் போக ஆள் வரும் என்று எழுதியிருந்தது.

ஹெட்விக் நவம்பரில் இறந்தாள். அவளுடைய துணிகளையும் புத்தகங்களையும் அவள் அக்கா வந்து எடுத்துப் போனாள். நான் தடுக்கவில்லை. வண்டி மட்டும் அவள் நிறுத்திய இடத்தில் நின்றது. எனக்குச் சைக்கிள் போதும். ஆனால் இதையும் யாராவது இழுத்துப் போவதைப் பார்க்க முடியாது என்று அந்தக் காகிதத்தைப் படித்தபோது தெரிந்தது.

"பந்தயம் ஞாபகமிருக்கா?" என்றார் ரூனே.

ஞாபகமிருந்தது.

1986ஆம் வருட வண்டி. அந்தக் காலப் பெயிண்ட் ஒரே பூச்சு. மேலே கண்ணாடி போன்ற பூச்சு கிடையாது. வெயில் நேராக நிறத்தைத் தின்றுவிடும். சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகும், தொட்டால் கையில் ஒட்டும். ரூனேவுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. கடந்த ஜூனில், கோடைத் திருநாளான மிட்சம்மர் விருந்தில், வெளுத்தது என்று மட்டும் சாதித்தார்.

"இது சிவப்பு வண்டி. வெளுத்துப்போச்சு."

"பொறந்ததுலேர்ந்தே பிங்க், தலைவரே," என்றாள் ஹெட்விக். "உங்க வழுக்கை மாதிரி பாதியில வந்தது இல்ல."

ரூனே கைப்பேசியில் வாகனப் பதிவேட்டைத் தேடிக் காட்டினார். சிவப்பு என்றிருந்தது.

"எழுதினவன் ஆம்பள. அவனுக்குத் தெரிஞ்சதே நாலு கலரு."

"கதவு ஓரத்தக் காட்டு அப்ப."

கதவு ஓரம் முழுக்கப் பூப்போட்ட டேப் ஒட்டியிருந்தாள். அழகுக்காம்.

"துப்புரவு நாளன்னிக்கு பெட்ரோல் மூடியத் திறக்குறேன்," என்றாள். " வெயிலே படாத இடம். அங்க என்ன கலரோ அதான் தீர்ப்பு. தோத்தவங்க தெரு முழுக்கத் தனியாக் கூட்டணும். மத்தவங்க சாசேஜ் தின்னுக்கிட்டு வேடிக்கை பாப்போம்."

பனிக்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கத் தெருவில் பொடிக்கல் கொட்டுவார்கள். ஏப்ரலில் அதைக் கூட்டி அள்ள இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்தாலே அரை நாள் ஆகும். ரூனே கை குலுக்கினார்.

அன்று அவள் பல் துலக்கும்போது கேட்டேன். "உண்மையில என்ன கலரு?"

"சிவப்புதான்," என்றாள், வாயில் பிரஷ்ஷோடு.

"அப்புறம்?"

"ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கு."

இப்போது ஏப்ரல் வந்துவிட்டது. மெருகேற்றினால் மூடியைத் திறக்கும் முன்பே சிவப்பு வெளியே வரும், ஹெட்விக் தோற்பாள். ஏற்றாவிட்டால் வண்டி போகும்.

"அவ இல்லேன்னா நீதான் கூட்டணும்," என்றார் ரூனே.

"சரி."

"சரியா? ஒரு வார்த்தை சண்டை போட மாட்டியா? அவளா இருந்தா இந்நேரம் என் மீசையப் பத்தி ஏதாவது சொல்லியிருப்பா."

அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு போனார்.

எங்கள் தெருவில் வண்டி கழுவக் கூடாது. பாட்டரிக்கு உயிர் கொடுத்து, காசு போட்டுக் கழுவும் கூடத்துக்கு ஓட்டிப் போனேன். பிறகு பொது கராஜில் ஓர் இடம் கேட்டு உள்ளே விட்டேன்.

முதல் மாலை எண்ணெய்ப்பசை அதிகமுள்ள மெருகுக் குழம்பை வாங்கி, பழைய குளியல் துண்டால் வண்டி முழுக்கத் தடவினேன். காய்ந்த பெயிண்ட் உறிஞ்சியது. மறுநாள் வரை அப்படியே விட்டேன். இரண்டாம் மாலை தேய்த்தேன். துண்டு பீட்ரூட் நறுக்கிய பலகை மாதிரி ஆனது. பயப்பட வேண்டியதில்லை. ஒரே பூச்சு என்றால் துணியில் நிறம் வரும். செத்த மேல்தோல் அது. மடிப்பு முனைகளில் பெயிண்ட் மெல்லியது, அதிகம் தேய்த்தால் தகரம் தெரிந்துவிடும். அங்கெல்லாம் டேப் ஒட்டினேன். மெஷின் போடவில்லை. பானெட்டில் சிவப்பு எழுந்து வந்தது. அதில் விளக்கு தெரிந்தது, பிறகு என் முகம். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. தோள் வலித்தது.

மூன்றாம் மாலை மெழுகு பூசினேன். கடைசியாக மிஞ்சியது பெட்ரோல் மூடி. அவள் சாவியால் திறந்தேன்.

உள்ளே இளஞ்சிவப்பு.

விரலால் தடவினேன். தடிப்பாக இருந்தது, தூரிகைத் தடம் தெரிந்தது. வெளிச்சத்தைச் சாய்த்தால் மினுமினுத்தது. நகப்பூச்சு. ஓரம் வரை பொறுமையாகப் பூசியிருந்தாள். ஒரு மூலையில் மட்டும் பருப்பளவு விட்டுப்போய், அங்கே சிவப்பு.

எப்போது செய்தாளோ. எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு ஏப்ரலுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

சிரித்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. கராஜ் எதிரொலித்தது, அதனால் நிறுத்தினேன். பிறகு அந்தப் பருப்பளவு சிவப்பின்மேல் கொஞ்சம் கிரீஸ் வைத்தேன். பின்பக்கப் பம்பருக்கு மேலே ஒரு கையகலத்துக்கு மெழுகைத் துடைத்தெடுத்தேன்.

துப்புரவு நாளில் வண்டியைத் தெரு நடுவே கொண்டுவந்து நிறுத்தினேன். ரூனே துடைப்பத்தில் நீலமும் மஞ்சளுமாக ரிப்பன் கட்டி எடுத்து வந்தார்.

"எல்லாரும் வாங்க! யாராவது சொல்லுங்க, இது என்ன கலரு?"

"சிவப்பு," என்றேன்.

"பையன் ஒத்துக்கிட்டான்!"

"இப்ப சிவப்பு. நான் கலர் ஏத்தியிருக்கேன்."

"என்ன ஏத்தியிருக்கே?"

ஒரு வெள்ளைத் துணியில் மெருகுக் குழம்பைத் தொட்டு அவரிடம் கொடுத்து, பம்பருக்கு மேலே மெழுகு துடைத்த இடத்தைக் காட்டினேன். "நீங்களே தேச்சுப் பாருங்க. இந்த இடத்துல."

தேய்த்தார். துணி சிவந்தது. இன்னும் தேய்த்தார். இன்னும் சிவந்தது.

"என் வண்டிய பதினஞ்சு வருஷமா மெருகு போடுறேன்," என்றார் மெதுவாக. "ஒரு நாளும் கலர் வந்ததில்ல."

வராது. அவருடையது புது வகை, நிறத்துக்கு மேலே கண்ணாடிப் பூச்சு உண்டு.

"ஒரிஜினல் கலர் துணியில வருமா, ரூனே?"

அவர் துணியையே பார்த்தார்.

"பேசினபடி தீர்ப்பு பெட்ரோல் மூடியில," என்று திறந்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கூட்டமும் குனிந்தது. சாசேஜ் திருப்பும் இடுக்கியோடு குனில்லா வந்து புருஷனைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒரு பெட்ரோல் மூடிக்குள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "அடிப்பாவி" என்று வாய்க்குள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

நிமிர்ந்தாள். "பிங்க்தான், ரூனே. துடைப்பத்த எடு."

ரூனே கூட்டினார். மூன்றாம் வீட்டுக்காரர் சாசேஜைக் கடித்துக்கொண்டு, "தலைவரே, அந்த ஓரம்!" என்றார். ரூனே துடைப்பத்தை ஆட்டி மிரட்டினார். ரிப்பன் பறந்தது. தெருவின் முக்கால்வாசி முடிந்தபோது என் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"இத அவ கையால திறந்து காட்டியிருக்கணும்டா."

"ஆமா."

"என் மூஞ்சியப் பாத்திருப்பா."

"ஆமா."

மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி கூட்டப் போனார். நான் இன்னொரு துடைப்பத்தை எடுத்தேன். குனில்லா பறித்துக்கொண்டாள்.

"பந்தயம்னா பந்தயம். தின்னு." கடுகுச் சாந்து வழியும் சாசேஜைக் கையில் திணித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பாட்டில் என்னுது. மிட்சம்மருக்கு வாங்கினது. நாளைக்குத் தர்றேன்னு கொண்டு போனா."

"வேற வாங்கித் தர்றேன்."

"எனக்கெதுக்கு? வீட்ல இன்னொன்னு இருக்கு, சாயந்திரம் வந்து எடுத்துட்டுப் போ. மூலையில கிரீஸ் வச்சிருக்கே பாரு, அசிங்கமா இருக்கு. ரெண்டாவது கோட் அடி."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"அடுத்த வருஷம் சொல்லலாம். அடுத்த ஏப்ரலுக்கும் கல்லு கொட்டத்தானே போறாங்க."

சாயந்திரம் இரண்டாவது கோட் அடித்தேன். காய்ந்ததும் பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிப் போனேன். டேங்க் ஏறக்குறையக் காலி. பெட்ரோல் பட்டால் நகப்பூச்சு கரையுமா என்று எனக்குத் தெரியாது. குழாய் முனையைச் சுற்றிக் காகிதத் துணியைப் பிடித்துக்கொண்டு, பாதி டேங்க்கோடு நிறுத்தி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் மூடினேன்.