தாமரியின் அம்மா பெயர்

பீப்பாயில் உறைந்திருந்த தண்ணீரைக் கோடரியின் பின்புறத்தால் உடைத்துக்கொண்டிருந்தான் ஒபதியா. உள்ளே இருந்த பெண்கள் தண்ணீர் கேட்டிருந்தார்கள். பனிக்கட்டி பிளந்து சாய்ந்ததும் வாளியை முக்கி எடுத்தான். மிதந்த சில்லுகளை விரலால் பொறுக்கி எறிந்தான். இவ்வளவு சில்லென்ற தண்ணீரை மனைவி தாமரியின் மேல் ஊற்றிவிடுவார்களோ என்று பயந்தான். அவளுக்கு இனிக் குளிராது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மருத்துவச்சி ரோதை வாசலில் நின்று வாளியை வாங்கினாள்.

"சூடு பண்ணித்தான் ஊத்துவோம் வாத்தியாரே," என்றாள், அவன் கேட்காமலே.

"குழந்தை?"

"மூச்சு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி பால் குடுக்கறா. ஆனா இழுத்துக் குடிக்க மாட்டேங்குது. நாளன்னிக்கு ஓய்வுநாள் வருதுல்ல, அன்னிக்கே ஞானஸ்நானம் குடுத்துருங்க. அடுத்த வாரம்னு தள்ளாதீங்க." ரோதை குரலைத் தாழ்த்தவில்லை. "பேரு என்ன வைக்கப்போறீங்க?"

அவன் காலி வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு பீப்பாய்க்குத் திரும்பினான்.

நேற்றுச் சாயங்காலம் தாமரி அதைத்தான் பேசினாள். காய்ச்சல் சற்று இறங்கியிருந்த நேரம்.

"எங்கம்மா பேர வைங்க."

"என்ன பேரு அது?"

அவள் உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டோடு சிரித்தாள். "நீங்கதான காலேஜு படிச்சவரு. லத்தீனு, எபிரேயம் எல்லாம் தெரியும். கண்டுபிடிங்களேன்."

"சரி."

"சும்மா சரிங்கக் கூடாது."

"கண்டுபிடிக்கிறேன்."

பிறகு காய்ச்சல் ஏறிவிட்டது. விடிவதற்குள் போய்விட்டாள்.

கடல் தாண்டி வந்து இந்த ஆற்றங்கரையில் காட்டை வெட்டி ஊர் அமைத்தவர்களில் ஒபதியாவின் அப்பாவும் ஒருவர். இங்கிலாந்தில் அவருடைய தாத்தா எந்தக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார் என்பதுவரை ஒபதியாவுக்குத் தெரியும். தாமரிக்கு அப்படி எதுவும் இல்லை. சின்னப் பிள்ளையாக எப்சிபா டட்டிலின் வீட்டுக்கு வந்தாள். ஒபதியாவைக் கல்யாணம் செய்யும்வரை அங்கே வேலைக்காரி. கப்பலில் வரும்போது அம்மா செத்துப்போனாள், கடலில் போட்டுவிட்டார்கள் என்று எப்சிபா சொல்லியிருந்தாள். அம்மாவின் பெயரைக் கேட்டால் ஒரு நாள் ஜோன் என்பாள், ஒரு நாள் ஆன் என்பாள். "எனக்கு ரெண்டு அம்மா," என்பாள் தாமரி. "எசமானியம்மா கோவமா இருந்தா ஜோன். நல்லா இருந்தா ஆன்."

சபைக்கூடத்துக்குப் பின்னால் யாபேஸ் குழி தோண்டிக்கொண்டிருந்தான். தோண்டினான் என்று சொல்ல முடியாது. தரையில் விறகை அடுக்கி எரித்து, மண் இளகட்டும் என்று மண்வெட்டியில் சாய்ந்து நின்றான்.

"மண்ணு இரும்பா கெடக்கு வாத்தியாரே. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவேன். பொழுது சாஞ்சதுமே ஓய்வுநாள் ஆரம்பிச்சிரும், மண்வெட்டியத் தொட விடமாட்டாங்க."

"யாபேஸ், தாமரியோட சனம் யாருன்னு உனக்கு எதாவது தெரியுமா?"

யாபேஸ் யோசித்தான். "டச்சுக்காரி. அந்த முடியப் பாத்தாலே தெரியலையா? தெக்க, அவங்க தீவுலேருந்து யாரோ கொண்டாந்து விட்டது. கடல்கொள்ளக்காரன் மகள்னும் ஒரு பேச்சு உண்டு."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா..." யாபேஸ் எரியும் கட்டையைக் காலால் தள்ளினான். "நாந்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். சும்மா, மதுக்கடையில பேச்சுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

ஒபதியா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அந்த நெருப்பில் கைகாட்டி நின்றான். கை சுட்டபோதுதான் அது எதற்கான நெருப்பு என்று உறைத்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது பெண்கள் அடுக்களையில் இருந்தார்கள். எப்சிபா மட்டும் உள்ளறையில் தாமரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மற்றவர்களை அவள்தான் வெளியே அனுப்பியிருந்தாள்.

"ஜோனா, ஆனா?" என்று கேட்டான்.

"எது?"

"அவ அம்மா பேரு."

சீப்பு நிற்கவில்லை. "ஜோன்."

"போன வருஷம் ஆன்னு சொன்னீங்களாம்."

"அப்ப ஆன்."

"எப்சிபாம்மா, நாளன்னிக்கு நான் சபை முன்னாடி நின்னு அந்தப் பேரச் சொல்லணும்."

அவள் சிக்கு ஒன்றை விரலால் பிரித்தாள். உயிரோடிருப்பவளுக்கு வலிக்குமே என்பதுபோல மெதுவாகப் பிரித்தாள்.

"பாஸ்டன் துறையில எறக்கினாங்க," என்றாள். "லண்டன் தெருவுல பொறுக்கின பிள்ளைங்க. மந்தை மாதிரி. பெரிசுங்கள எல்லாரும் இழுத்துட்டுப் போயிட்டாங்க. இது இருமிக்கிட்டுக் கடைசியா நின்னுச்சு. எங்க வீட்டுக்காரர் ஒரு பீப்பா பன்னிக்கறி குடுத்துட்டுக் கூட்டியாந்தார். கன்னுக்குட்டி வாங்கறப்ப தாய்ப்பசு பேரையா கேப்பாங்க?"

"கப்பல்ல அம்மா செத்தான்னு..."

"கேட்டுக்கிட்டே இருப்பா. கேக்கற பிள்ளைக்கு எதாச்சும் சொல்லணுமே."

"தாமரிங்கறது?"

"நான் வச்ச பேரு. எனக்கு ஒண்ணு பொறந்து செத்துச்சு. பேரு சும்மாதான கெடந்துச்சு."

அடுக்களையில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். ரோதை திட்டினாள்.

"வந்த புதுசுல யாரையாவது கூப்பிடுவாளா?" என்றான் ஒபதியா. "பிள்ளைங்க கூப்பிடுமே."

சீப்பு நின்றது. எப்சிபா அதன் பற்களில் சிக்கிய முடியை இழுத்தெடுத்து விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளைங்க அழத்தான் செய்யும். நான் காது குடுக்கல." பிறகு, "ஜோன்னே வைங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

"அவகிட்டச் சொல்லியிருக்கேன்."

"வெளிய போங்க வாத்தியாரே. அவளுக்குத் தொப்பி கட்டணும்."

மறுநாள் பிற்பகல் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டிக்குப் பின்னால் ஒபதியா தனியாக நடந்தான். அவனுக்கு அடுத்தபடி, இறந்தவளின் சனங்கள் நடக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. ஊரார் அந்த இடைவெளியை விட்டுத்தான் வந்தார்கள். எப்சிபா தன் வீட்டாரோடு, தன் வரிசையில் நடந்தாள். குழியருகே யாரும் ஜெபிக்கவில்லை. அதெல்லாம் போப்பைப் பின்பற்றும் ரோமாபுரிக்காரர்கள் செய்வது. யாபேஸ் மண்ணைத் தள்ளினான். கட்டிகள் பெட்டிமேல் கல்லைப்போல விழுந்தன. பிறகு எல்லோரும் வந்து ஆப்பிள் மது குடித்தார்கள், நல்ல பெண் என்றார்கள், பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்கள்.

ஓய்வுநாள் காலையில் சபைக்கூடத்தில் வாயைத் திறந்தவர்களுக்கெல்லாம் புகை வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ரோதை குழந்தையைக் கொண்டுவந்து ஒபதியாவின் கையில் வைத்தாள். இரவில் இரண்டுமுறை நீலம் பாரித்துவிட்டது என்று காதில் சொன்னாள். கனமே இல்லை. துணியைத்தான் பிடித்திருக்கிறோமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

ஜோன் என்று சொல்லிவிடுவதாகத்தான் எழுந்து நடந்தான். மோசமான பெயர் இல்லை. குழந்தை மறுவாரம் இருக்குமா என்பதே தெரியாது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

போதகர் கையைத் தண்ணீரில் நனைத்தார். "பிள்ளைக்கு என்ன பேரு?"

ஒபதியா வாயைத் திறந்தான். வரவில்லை. கல்லூரியில் எந்த வாதத்திலும் அவனுக்குச் சொல் தடுமாறியதில்லை.

"என்ன பேரு?" என்றார் போதகர் மறுபடி. கையிலிருந்து சொட்டியது.

"சிசிலி."

குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. சபைக்கூடத்தில் பெண்கள் வாய் திறப்பதில்லை. கிசுகிசுத்தவளையே நிற்கவைத்துக் கண்டித்திருக்கிறார்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. எப்சிபா டட்டில் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

சபை மூப்பர் ஒருவர் பாதி எழுந்தார். "உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "அழறப்ப அப்படித்தான் கூப்பிடுவா," என்றாள். "சிசிலி சிசிலின்னு. அத விடறதுக்கு ரொம்ப நாளாச்சு."

பிறகு உட்கார்ந்தாள்.

அந்த ஊரில் யாருக்கும் இல்லாத பெயர். எப்சிபாவுக்குத் தானாகத் தோன்றக்கூடிய பெயரும் அல்ல.

போதகரின் முகம் சுளித்தது. "வேதத்துல இல்லாத பேரு," என்றார், ஒபதியாவுக்கு மட்டும் கேட்கும்படி.

"இவ பாட்டி பேரு ஐயா," என்றான் ஒபதியா. "சிசிலி."

தண்ணீர் பட்டதும் குழந்தை வாயைப் பிளந்தது. சத்தம் வரக் கொஞ்சம் நேரமானது. வந்தது.

காலை ஆராதனை முடிந்து எல்லோரும் குளிர்காயப் பக்கத்து வீடுகளுக்குக் கிளம்பினார்கள். பெண்கள் எப்சிபாவைத் தொடாமல் விலகி நடந்தார்கள். மூப்பர்கள் வாசலருகே கூடி நின்று அவளையே பார்த்துப் பேசினார்கள். அவள் எழவில்லை.

ஒபதியா குழந்தையோடு நடந்து பெண்கள் பக்கம் போனான். அவள் பெஞ்சிலேயே, அவளுக்கு அருகில் உட்கார்ந்தான். அவள் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்து, கால் சூடுகாயத் தன் காலடியில் வைத்திருந்த கணப்புப் பெட்டியை எப்சிபா காலாலேயே அவன் பக்கம் தள்ளினாள். அதில் தணல் அவிந்துபோயிருந்தது. ஒபதியா தன் கால்களை அதன்மேல் வைத்துக்கொண்டான்.