வெள்ளைப் பூ வந்தது

ஆடிட்டர் அன்பரசன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சுரேஷ்குமார் தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் புரிவதற்கும் சம்பந்தமில்லை என்பது பக்கத்தில் இருந்த மனைவி அருணாதேவிக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் ஒரு ரொட்டி ஃபேக்டரியில் இருபது வருஷம் உழைத்த காசு, அங்கே ஒரு கம்பெனியில் பென்ஷனாகச் சேர்ந்து கிடக்கிறது. மனிதர் சொந்த ஊரான வேங்கிக்காலில் வீடு கட்டி வந்துவிட்டார். பென்ஷன் மட்டும் இன்னும் குளிரில் நிற்கிறது.

"அங்கேயே வுட்டுட்டா, எடுக்கறப்பல்லாம் இங்க வரி கட்டணும் சார். அந்த ஊரு கவர்மென்ட் ஒத்துக்கிற திட்டமா பாத்து இங்க மாத்திக்கலாம். ஆனா அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப வெளிநாடு போய்க் குடியிருந்தீங்கன்னா, நாலுல ஒரு பங்கு வரியாவே போயிடலாம்."

"இப்ப நாங்க என்னதான் பண்றது?"

"திரும்பப் போவீங்களா, மாட்டீங்களா? அதச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அங்கே மகள் எழிலுக்குப் பிரசவம் நெருங்குகிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் யாராவது ஒருவர் மோட்டார் போட எழுந்து போய்விடுவார்கள்.

ஆடிட்டரால் ஆகாதது ஆண்டவனால் ஆகட்டும் என்று இருவரும் அடி அண்ணாமலை கோயிலுக்குப் போனார்கள். பூக்கட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். எந்தப் பூ வந்தால் என்ன என்பதை மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. இருவரும் கண்ணை மூடினார்கள். கும்பிட வந்த ஒரு அம்மாளைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார் குருக்கள். பிரித்தால், வெள்ளை.

சுரேஷ்குமாருக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இனி ஊரைவிட்டு நகர வேண்டாம். அருணாதேவி என்ன சொல்வாளோ என்று திரும்பினால், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அட, இவளும் இதைத்தான் வேண்டியிருக்கிறாள்! இத்தனை மாதம் வீணாகப் பயந்தோமே என்றிருந்தது அவருக்கு.

ஆடிட்டர் ஆபீசிலிருந்து கூட்டிவந்து காத்திருந்த ஆட்டோவில் ஏறியதும் அவள் சொன்னாள். "டிக்கெட் கம்மியா இருக்கறப்பவே போட்டுடணுங்க."

"எழிலுக்கா? இங்க வராளா?"

"புள்ளத்தாச்சி எப்படிங்க வருவா? நாமதான் போறோம். அதான் வெள்ளை வந்துச்சே."

"வெள்ளைன்னா நாம இங்கயே இருக்கோம், பணமும் இங்க வருதுன்னு அர்த்தம், தேவி. நம்ம ஊரு சாமி விபூதி வெள்ளைதானே."

"வெள்ளைன்னா பனிங்க. அங்க வாசல்ல நீங்க வாரி வாரிக் கொட்டுவீங்களே, மறந்துட்டீங்களா?"

குருக்கள் கொடுத்த மற்ற பொட்டலத்தை அவர் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்தார்.

"மறுபடி ஒருதடவ போட்டுப் பாக்கலாமா?" என்றார் அவர், மெதுவாக.

"சாமி என்ன, கம்ப்ளெய்ன்ட் ஆபீசாங்க? கேட்டதையே திரும்பக் கேக்கக் கூடாது."

ஒரே பூவில் யாருடைய வேண்டுதலுக்குச் சாமி தலையாட்டியது? அவருக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை சாமியும் தன்னைப் போலப் புரியாமல்தான் தலையாட்டியதோ?

"வேங்கிக்கால் தானே சார், இல்ல மறுபடி ஆடிட்டர் ஆபீசா?" என்று திரும்பிக் கேட்டார் ஆட்டோக்காரர்.

அவர் அவளைப் பார்த்தார், அவள் மலையைப் பார்த்தாள். ஆட்டோ கிரிவலப் பாதையிலேயே ஓடியது. மலை வலப்பக்கமாகக் கூடவே வந்தது. பிரிக்காத சிவப்புப் பொட்டலம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் மடியில் இருந்த வெள்ளைப் பூக்கள் காற்றில் கிளம்பி, இரண்டு அவர் தோளில் விழுந்தன, ஒன்று அவள் தலையில் தங்கியது, மற்றவை பின்னால் ரோட்டில் உருண்டு போயின.