ஒரு வாசலுக்கு ஓர் இணைப்பு

பாதிப் பேச்சில் லைன் செத்துப்போனது.

"எந்தக் கண்ணுக்குங்கய்யா ஆபரேஷன்? வலதா, இடதா?" என்று சின்னவள் கேட்டது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஹெட்போனில் ஒரு சிறு இரைச்சல் கேட்டது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. கணினித் திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முன்கூடத்துக்கு ஓடினாள். அங்கே நிலத் தரகர்கள் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இறந்துபோன அவள் கணவனின் அண்ணன், வீட்டிலும் தெருவிலும் எல்லோருக்கும் பெரியவர், சுவரோரம் நின்றிருந்தார். இணையப் பெட்டியின் பிளக் அவர் கையில் இருந்தது.

"அத்தான், லைன்ல பேஷன்ட் இருக்காரு. கொஞ்சம் சொருகிடுங்க."

"இருக்கட்டும்." பெரியவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசியே காரியத்தை முடிக்கிற மனுஷன் அவர். "நாலு பேரு வந்து உக்காந்திருக்காங்க. உள்ளேயிருந்து 'சொல்லுங்கய்யா', 'எப்ப வர்றீங்கய்யா'ன்னு நீ கண்ட ஆம்பளைங்களோட பேசறது இங்க வரைக்கும் கேக்குது. வீட்டுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அவருக்கு எழுபத்தெட்டு வயசு அத்தான். ரெண்டு கண்ணும் சரியாத் தெரியாதவரு."

தரகர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து காபி புரையேறிவிட்டது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை பிளக் மறுபடி சுவருக்குப் போயிருக்கும். பெரியவரின் முகம் கறுத்தது.

"அரை மணி நேரம் கழிச்சுப் போடறேன். உள்ள போ."

அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாயிற்று.

சின்னவள் நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுப்பவள். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற அழைப்பெல்லாம் இணையம் வழியாக இந்தப் பின்கட்டு அறைக்கு வரும். எந்த டாக்டர், எந்தக் கிழமை, வெறும் வயிற்றில் வரவேண்டுமா வேண்டாமா என்று அவள் பதில் சொல்வாள். கூப்பிடுகிறவர்கள் அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். "கண்ணு தெரிஞ்சதும் முதல்ல உன்னையத்தாம்மா வந்து பாப்பேன்" என்று சொன்னவர்கள் உண்டு. அப்படிக் கேட்ட நாளில் அவளுக்கு இரண்டு வாய் சோறு கூடவே இறங்கும்.

கணவன் போன பிறகு கிடைத்த வேலை. மகள் நகரத்தில் விடுதியில் தங்கிப் படிப்பதும், ஒரு சோப்புக் கட்டிக்குக்கூட முன்கட்டில் போய்க் கைகட்டி நிற்காமல் இருப்பதும் இந்த வேலையால்தான்.

முன்பு அரசாங்க டெலிபோன் இருந்த காலத்தில் மழை பெய்தால் லைன் கரகரக்கும், புகார் கொடுத்தால் ஆள் வர மாதக்கணக்காகும். திட்டாதவர்கள் கிடையாது. ஆனால் நகரத்துக்கு ஒரு விலை, கிராமத்துக்கு ஒரு விலை என்று இருந்ததில்லை, கரண்ட் போனாலும் மணி அடிக்கும். பிறகு அரசாங்கம் கையைக் கழுவிக்கொண்டது. இனி யார் வேண்டுமானாலும் லைன் இழுக்கலாம், என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம், போட்டி வந்தால் விலை தானாக இறங்கும் என்றார்கள். போட்டி வரத்தான் செய்தது. நகரத்தில் நாலு கம்பெனிகள் வாடிக்கையாளரின் கையைப் பிடித்து இழுத்தன. இந்த ஊருக்கு ஒரே ஒரு கம்பெனி வந்தது, நகரத்தைப்போல மூன்று பங்கு விலையோடு. கேட்டால் தூரம் என்றார்கள், கம்பம் நட்ட செலவு என்றார்கள். கைப்பேசிக்குச் சிக்னல் பிடிக்க ஊர்க்கோடி மேட்டில் ஏறவேண்டும். ஆகவே ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று எல்லோரும் அதையே வாங்கிக்கொண்டார்கள்.

போனும் இணையமுமாக வீட்டுக்கு வந்த இணைப்பு பெரியவர் பெயரில் இருந்தது. வேறு யார் பெயரில் இருக்கும்? ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் பெண் பெயரில் லைன் வாங்குவது அந்தத் தெருவில் கேள்விப்படாத சங்கதி. மாதா மாதம் பாதிக் கட்டணத்தைச் சின்னவள் அவர் கையில் கொடுத்துவிடுவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. பெட்டி முன்கூடத்தில் இருந்தது, பிளக் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

லைன் திரும்பி வந்ததும் முதலில் வந்தது ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் அம்மாவின் அழைப்பு.

"அந்தக் கண் ஆபரேஷன் தாத்தா மூணு தடவை அடிச்சுப் பாத்துட்டு, கோவிச்சுக்கிட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரும்மா. இந்த மாசத்துல இது ரெண்டாவது தடவை."

"வீட்டுல பிளக்கைப் பிடுங்கிட்டாங்க மேடம்."

"எனக்குப் புரியுது. மேல இருக்கறவங்களுக்குப் புரியாது. மாசம் முடியறதுக்குள்ள உங்களுக்குன்னு தனி லைன் போட்டுக்குங்க. இல்லேன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் எடுக்கச் சொல்லிட்டாங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, நகரத்திலிருந்த கம்பெனி ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் வீட்டு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த வீட்டுக்கு ஏற்கெனவே லைன் இருக்கேக்கா."

"அது முன்பாதி. பின்பாதி என்னோடது. பத்திரம் கொண்டாந்திருக்கேன்."

"பத்திரமெல்லாம் நாங்க பாக்கறதில்லைக்கா. ஒரு வாசலுக்கு ஒரு லைன். அதான் ரூல். உங்களுக்குத் தெருவைப் பாத்து தனி வாசல் இருக்கா?"

இல்லை. அங்கேதான் வந்து நின்றது விஷயம். மாமனார் உயிரோடிருந்தபோதே வீட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதியிருந்தார். நாடா பிடித்து அறையறையாக அளந்தார். கழிவுநீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதைக்கூடப் பத்திரத்தில் எழுதினார். சின்ன மகனின் பாதிக்கு வாசல் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தம்பிக்குள் தனி வாசல் எதற்கு என்று அன்றைக்கு எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். தம்பி போய்விட்டான். தம்பி மனைவி கடைக்குப் போனாலும், பஸ்ஸுக்குப் போனாலும் முன்கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்கிற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அவள் இன்று காலை பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"தனி வாசல் இருந்தா?" என்று கேட்டாள்.

"இருந்தா தாராளமாத் தருவோம்க்கா. ஆனா முழுக் கட்டணம். கிராமத்து ரேட்டு." அந்தப் பெண் கொஞ்சம் வெட்கத்தோடுதான் அதைச் சொன்னாள். "வாசல்ல வீட்டுத் தலைவர் நிக்கற மாதிரி எங்க ஆளு ஒரு போட்டோ எடுப்பாரு. அவ்வளவுதான்."

உள்ளூர்க் கொத்தனார் விஷயத்தைக் கேட்டதும், "பெரியவர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான். பக்கத்து ஊர்க் கொத்தனார் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பின்புறச் சந்துப் பக்கம் இருந்த ஜன்னலைத் தட்டிப் பார்த்தார்.

"ஜன்னலுக்குக் கீழ இருக்கற செங்கல்லை எடுத்தாப் போதும். சுவரு உங்களுது, எவனும் கேக்க முடியாது. ஆனா சத்தம் ஊருக்கே கேக்கும், சொல்லிட்டேன்."

முதல் அடி விழுந்ததுமே பெரியவர் வந்துவிட்டார். இந்த முறை அவர் குரல் உயர்ந்திருந்தது.

"குடும்பத்தைப் பிளக்கறியா நீ?"

"நான் பிளக்கலை அத்தான். கம்பெனி வாசல் கேக்குது."

"சரி, இனிமே நான் அந்த பிளக்கைத் தொடல. போதுமா? வேலையை நிறுத்தச் சொல்லு."

"நீங்க தொட மாட்டீங்க அத்தான். தொட்டா நான் என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த செங்கல்லைப் பெயர்த்தார். இரண்டு நாளில் பழைய நிலை ஒன்றும் கதவு ஒன்றும் பொருத்தியாயிற்று. தெரு சும்மா இருக்குமா? இன்றைக்கு வாசல் வைத்தவள் நாளைக்கு யாரை உள்ளே விடுவாளோ என்று பேசியது. கண் தெரியாத கிழவர்களோடு பேசுவதையே தப்பாகப் பார்த்தவர்களுக்கு, ஒரு கதவு எவ்வளவோ கற்பனைகளைக் கொடுத்தது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் கம்பெனி ஆள் வந்தான். கம்பியை இழுத்தான், பெட்டியைப் பொருத்தினான், செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "வீட்டுத் தலைவர் யாருங்க? வாசல்ல வந்து நில்லுங்க" என்றான்.

பெரியவர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"தம்பி, இதுவும் நம்ம வீடுதான். நான் நிக்கறேன், எடுத்துக்க. நீ உள்ள போம்மா."

கம்பெனி ஆள் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வாசற்படியில் இன்னும் சிமெண்ட் ஈரம் காயவில்லை. சின்னவள் அதன்மேல் ஏறி நின்றாள். நிலையின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் தலைவர். எடுங்க."

"புருஷன் பேரு கேப்பாங்களேக்கா?"

"கேட்டா இறந்துட்டாருன்னு போடுங்க. பணம் கட்டறவ பேரு என் பேரு."

போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. பெரியவரின் சட்டைக் கை மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தது. கம்பெனி ஆள் அதை வெட்டிவிட்டு அனுப்பினான். மூன்று பங்கு விலை அவளுக்கு வலித்தது. உறவு கொடுக்காத வாசலை, வாசலுக்கு வாசல் முழு பில் போடுகிற கம்பெனியின் பேராசை கொடுத்துவிட்டதே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அடுத்த வாரம், நாலு மணிக்கு ஹெட்போனைக் கழற்றுகிற நேரத்தில் பின்கதவைத் தட்டினார்கள். பெரியவரின் மனைவி நின்றிருந்தாள். வாசல் வைத்ததிலிருந்து பேச்சுவார்த்தையில்லை. உள்வழியாக வந்தால் பத்து அடிதான். ஆனாலும் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னக்கா?"

பெரியவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கணினியைப் பார்த்தாள், ஹெட்போனைப் பார்த்தாள்.

"இதுல எங்க அம்மாகிட்ட பேச முடியுமா?"

"முடியும்க்கா. ஆனா உங்க வீட்டுலயே லைன் இருக்கே?"

பெரியவள் முன்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முன்கூடத்தில் போன், அதன் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் அவர். இருபத்திரண்டு வருஷமாக அவள் தன் தாயோடு பேசியதெல்லாம் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று பேசியதுதான் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு நேரம் பேசலாம்?" என்று பெரியவள் கேட்டாள்.

"உங்களுக்கு வேணுங்கற வரைக்கும்."

சின்னவள் நம்பரைப் போட்டுக் கொடுத்து, ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பார்ப்பதுபோல் நகர்ந்துகொண்டாள். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"அம்மா, நான்தான்ம்மா பேசறேன். நல்லாருக்கேன்..." பெரியவள் கொஞ்ச நேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்தது. "இல்லம்மா. அவரு பக்கத்துல இல்ல. இப்பக் கேளு, சொல்றேன்."