மோட்டாரைத் தூக்கி மாட்டிய கதை

மாமாவின் படகு அன்றைக்கும் முந்திக்கொண்டு போனதும் சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்காளும் அவளும் சேர்ந்து வாங்கிய படகு மாமாவுடையதைவிட லேசு, மோட்டார் பெரிசு. ஆனாலும் முடுக்கினால் பின்னால் தண்ணீரை வாரி இறைத்ததே தவிர, கல்லைக் கட்டி இழுப்பதுபோலத் திணறியது.

"என்ன மருமகளே, குளிக்க வந்தீங்களா?" என்று கத்திவிட்டு மாமா பறந்தார்.

துறைக்குத் திரும்பியதும் சின்னவள் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு மேலே பட்டையாக நீட்டியிருக்கும் தகடு, படகின் அடிமட்டத்துக்கு நாலு விரல் கீழே கிடந்தது.

"அக்கா, மோட்டார் ரொம்ப முங்கிக் கெடக்கு. பாதி வேகம் தண்ணிய உழுறதுலயே போகுது. தூக்கி மாட்டணும்."

"தூக்குறப்போ நழுவி உள்ள போச்சுன்னா?"

"நீ பின்னாடியே குதிச்சு எடுத்துட்டு வா!"

துறையின் குறுக்குச் சட்டத்தில் கயிற்றைப் போட்டு, மூச்சுப் பிடித்துத் தூக்கி, மாட்டும் பட்டையில் வரிசையாக இருந்த ஓட்டைகளில் இரண்டு ஓட்டை உயரத்துக்கு மோட்டாரை ஏற்றி, போல்ட்டை முறுக்கினார்கள்.

நேராக ஓடியபோது படகு துள்ளிக் கிளம்பியது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் திருப்பியதுதான் தாமதம், விசிறி தண்ணீரை விட்டுக் காற்றைப் பிடித்துக்கொள்ள, மோட்டார் காட்டுக்கத்தல் கத்தியது; படகு நின்றேவிட்டது. மோட்டாரைக் குளிர்வித்து வெளியே பீச்சும் தண்ணீரும் நூலாக மெலிந்துபோனது.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு! ஓவராப் போயிட்டோம்!" என்றாள் சின்னவள்.

ஒரு ஓட்டை கீழே இறக்கினார்கள். மறுபடி ஒரு சுற்று. வளைவில் விசிறி பிடி விடவில்லை, தண்ணீரும் தடதடவென்று பீச்சியது. அக்கா தங்கையின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள், சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலை மாமாவுக்காகக் காத்திருந்து, அவர் பக்கத்தில் வந்ததும் அக்கா முடுக்கினாள். சிவப்பு மிதவை வரை இரண்டு படகும் ஒட்டிக்கொண்டே போயின. வளைவில் மாமா வேகத்தைக் குறைத்தார், அக்கா குறைக்கவில்லை. சின்னவள் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விடாத, விடாதக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பிப் பார்த்தபோது மாமா அவர்கள் கிளப்பிய அலையில் ஆடிக்கொண்டிருந்தார்.

துறைக்கு வந்ததும் அவர் துறை விளிம்பில் குப்புறப் படுத்து, அவர்கள் மோட்டாரை எட்டிப் பார்த்தார்.

"எத்தன ஓட்ட ஏத்துனீங்க?"

"சொல்லாதடி!" என்றாள் அக்கா.

சின்னவள் காதில் எதுவும் விழவில்லை. கை அதற்குள் படகுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு சுத்து போவோமாக்கா? இந்தத் தடவ நான் ஓட்டுறேன்!"